ஈர்ப்பு அலை ஆராய்ச்சியை நம்பி மகளை அனுப்பலாமா?

பெங்களூரில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ஈர்ப்பு அலை ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று நிற்கிறார், இதில் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "அங்கே போய் தினமும் என்னதான் செய்வார்கள் என்றே எங்களுக்குப் புரியவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. வேலை என்னவென்று தெரிந்துவிட்டால், அது அவருக்கு ஒத்துவருமா, அதற்கு எத்தனை வருடம் ஆகும், வீட்டில் எதற்குத் தயாராக வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெளியும். நான் டேட்டா பகுப்பாய்வுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். லேசர், கண்ணாடி, வெற்றிடக் குழாய் என்று கருவிப் பக்கம் இருப்பவர்களின் அன்றாடத்தை என்னால் மேலோட்டமாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் அளவு புரிய வேண்டும். கருந்துளை போன்ற பெரும் நிறைகள் வேகமாகச் சுற்றி மோதும்போது வெளியே (ஸ்பேஸ்) லேசாக நீண்டு சுருங்கும், அந்த நெளிவு பரவுவதுதான் ஈர்ப்பு அலை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரண்டு இடங்களில் உள்ள, லேசரைக் கொண்டு நீள மாற்றத்தை அளக்கும் லைகோ கருவிகளில் பதிவானதுதான், நேரடியாகப் பிடிபட்ட முதல் ஈர்ப்பு அலை. சூரியனைவிடச் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி வந்து கலந்தன. சுமார் 3 சூரிய நிறைக்கு ஈடான ஆற்றல் அலையாக வெளியேறியது. சுமார் 130 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த அந்த அலை, 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவியின் கையில் (லேசர் ஓடும் நீண்ட குழாயைக் கை என்பார்கள்) உண்டாக்கிய மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அது நீடித்தது ஏறக்குறைய 0.2 விநாடி. அதற்குள் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறி அடங்கிவிட்டது.

இவ்வளவு சிறிய அசைவைப் பிடிக்கும் கருவியில் மற்ற எல்லா அசைவும் சேர்ந்தேதான் பதிவாகும். 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிலத்தின் அதிர்வு எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அதற்கு மேலே கண்ணாடியின் மேற்பூச்சில் இருக்கும் வெப்ப அசைவு. இன்னும் மேலே போனால், லேசர் ஒளியின் ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதால் வரும் இரைச்சல். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் டேட்டாவில் 60, 120, 180 என்று கம்பம் நட்டது போலக் கோடுகள் நிற்கும். நம் நாட்டில் கருவி வந்தால் முதல் கோடு 50-இல் நிற்கும். 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகளைத் தாங்கும் மெல்லிய சிலிக்கா இழைகள் 500 ஹெர்ட்ஸ் பக்கம் தந்தி போல ரீங்கரிக்கும். அதற்கு வயலின் மோடு என்றே பெயர். இவை போதாதென்று, எங்கிருந்து வருகிறது என்று பல நேரம் சொல்லவே முடியாத திடீர்த் துள்ளல்கள் வேறு. அவற்றை கிளிட்ச் என்பார்கள்.

ஆக, இந்தத் துறையில் அன்றாட வேலை என்பது பெரும்பாலும் இரைச்சலைப் படிப்பது. வந்தது அலை என்று சொல்வதற்கு முன், அது வேறு எதுவும் இல்லை என்று காட்டியாக வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்ததை உங்கள் மகள் விரிவாகப் படிப்பது நல்லது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த சிக்னல் அது. கருவியில் 100 விநாடி அளவுக்கு நீடித்தது. இணைவதற்குச் சுமார் ஒரு விநாடி முன்னால் லிவிங்ஸ்டன் கருவியில் ஒரு பெரிய கிளிட்ச் விழுந்தது. அதனால் தானியங்கி மென்பொருள் எழுப்பிய முதல் எச்சரிக்கையில் ஹான்ஃபோர்டு மட்டுமே இருந்தது. பிறகு ஆட்கள் உட்கார்ந்து லிவிங்ஸ்டன் டேட்டாவில் அந்தத் துள்ளலை வெட்டி எடுத்து, இத்தாலியிலுள்ள விர்கோ கருவியின் டேட்டாவையும் சேர்த்து, வானத்தில் எந்தப் பகுதி என்று சுருக்கிச் சொன்னார்கள். அதற்குச் சுமார் 5 மணி நேரம் ஆனது. அந்த வரைபடத்தை வைத்துத்தான் தொலைநோக்கிகள் என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் வெடிப்பின் ஒளியைக் கண்டுபிடித்தன. அன்று அந்தக் கிளிட்சை வெட்டி எடுத்தவர்களின் வேலைக்கு மிக நெருக்கமானதைத்தான் ஓர் ஆராய்ச்சி மாணவர் வருடக்கணக்கில் செய்வார்.

இரைச்சல் தற்செயலாக அலை போல வேஷம் போட எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துறையின் நேர்மை இதில்தான் இருக்கிறது. ஒளி ஒரு கருவியிலிருந்து மற்றதற்குப் போக 10 மில்லி விநாடி ஆகும். ஒரு கருவியின் டேட்டாவை வேண்டுமென்றே அதைவிட அதிகமாக நகர்த்தி வைத்துத் தேடினால், இரண்டிலும் பொருந்தி வருவது எதுவும் உண்மையான அலையாக இருக்க முடியாது. இப்படிப் பல்லாயிரம் முறை நகர்த்தி நகர்த்தித் தேடி, போலிகள் எத்தனை, எவ்வளவு வலுவாக வருகின்றன என்று எண்ணுவார்கள். முதல் சிக்னலுக்கு இந்தக் கணக்கு 2,03,000 ஆண்டுகளில் ஒரு முறைக்கும் குறைவு என்று வந்தது. அதனால்தான் அதை வெளியே சொன்னார்கள்; அதுவும் 2016 பிப்ரவரி 11-இல், ஐந்து மாதம் கழித்து. இதற்கு முன்பு 2010 செப்டம்பரில் ஒரு போலி சிக்னலை, சிலருக்கு மட்டும் தெரியும்படி, கருவிக்குள் செலுத்தினார்கள். மற்றவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் பகுத்து, கட்டுரை வரைவு வரை தயார் செய்தார்கள். 2011 மார்ச்சில் ரகசியத்தை மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தபோதுதான் அது சோதனை என்று தெரிந்தது. ஆறு மாத உழைப்பு ஒரு பயிற்சியாக முடிந்ததைக் கேட்டு உங்கள் மகளுக்கு எரிச்சல் வருகிறதா, மரியாதை வருகிறதா என்று பாருங்கள். எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாத ஒன்றை அது சொல்லிவிடும்.

இந்த வேலை அவருக்கு ஒத்துவருமா என்று சோதிக்க எந்த நிறுவனத்தின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. லைகோ, விர்கோ டேட்டா பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. சாதாரண லேப்டாப், பைத்தான், அதோடு ஜிடபிள்யூபை அல்லது பைசிபிசி தொகுப்பு போதும், எல்லாம் இலவசம். 2015 நிகழ்வின் ஜிபிஎஸ் நேரம் 1126259462. அதைச் சுற்றி 32 விநாடி டேட்டாவை, விநாடிக்கு 4096 மாதிரி என்ற அளவில், இரண்டு கருவிகளுக்கும் இறக்கிக்கொள்ளட்டும். அப்படியே வரைந்தால் மெதுவாக ஆடும் ஒரு கோடுதான் தெரியும், அலை தெரியாது. அடுத்து இரைச்சலின் நிறமாலையைக் கணிக்க வேண்டும். 4 விநாடித் துண்டுகளாக, பாதி பாதி மேற்பொருந்த வெட்டி, சராசரிக்குப் பதில் இடைநிலை (மீடியன்) எடுக்கச் சொல்லுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு கிளிட்ச் மொத்தக் கணிப்பையும் தூக்கிவிடும். அந்த நிறமாலையால் டேட்டாவை வகுத்துச் சமன்படுத்தி, இரு முனையிலும் 2 விநாடியை வெட்டி எறிந்து, 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டுவைத்தால், அந்த 0.2 விநாடி கண் முன்னால் எழுந்து நிற்கும். அலை லிவிங்ஸ்டனுக்குச் சுமார் 7 மில்லி விநாடி முன்னதாக வந்தது. ஹான்ஃபோர்டு டேட்டாவை அவ்வளவு பின்னுக்கு இழுத்து, குறியையும் தலைகீழாக்கினால் (இரண்டு கருவிகளின் கைகளும் நிலத்தில் வேறு வேறு திசையில் கிடப்பதால் இது தேவை) இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முனைகளை வெட்டாமல் விட்டால் அங்கே பெரிய துள்ளல் தெரியும். அதையே சிக்னல் என்று நம்பிவிடுவார்கள். எண்களை ஒற்றைத் துல்லியத்தில், அதாவது 32 பிட்டில், வைத்தால் இன்னும் மோசம். அலையின் அளவு 10-இன் அடுக்கு கழித்தல் 21. அதை வர்க்கப்படுத்தினால் கழித்தல் 42. 32 பிட் எண் சுமார் கழித்தல் 38 வரைதான் ஒழுங்காகத் தாங்கும், அதற்குக் கீழே துல்லியம் போய், மதிப்பு பூஜ்யத்தில் போய் விழும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது, விடை மட்டும் தப்பாக வரும். இரட்டைத் துல்லியம் வைக்க வேண்டும், அல்லது தொடக்கத்திலேயே டேட்டாவை ஒரு பெரிய எண்ணால் பெருக்கிவிட வேண்டும். அடுத்த படி, கணித்து வைத்த அலை வடிவத்தை டேட்டாவின்மேல் நகர்த்திப் பொருத்திப் பார்ப்பது. அதில் வடிவத்தின் உச்சியை வரிசையின் தொடக்கத்துக்குச் சுழற்றி வைக்க மறந்தால், சிக்னல் கிடைக்கும், ஆனால் நேரம் பிசகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் ஹான்ஃபோர்டில் சுமார் 20, லிவிங்ஸ்டனில் சுமார் 13 என்று வரும். இரண்டு மூன்று வாரக் கடைசிகளில் செய்துவிடலாம். ஏன் தப்பாக வந்தது என்று இரவு 11 மணிக்கும் தோண்டிக்கொண்டிருந்தால் டேட்டா வேலை அவருக்குப் பிடிக்கும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

டேட்டா பிடிக்கவில்லை என்பதற்காக இந்தத் துறையே பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, அலை வடிவத்தைப் பேனாவும் தாளும் கணினியும் கொண்டு கணிக்கும் கோட்பாட்டுப் பக்கம். இதில் உங்கள் ஊருக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. உலுக்கிய கருந்துளை எப்படி அதிர்ந்து அடங்கும் என்று 1970-இல் கணக்கிட்டுக் காட்டியவர் சி.வி. விஸ்வேஸ்வரா. பிற்காலத்தில் பெங்களூரு நேரு கோளரங்கத்தின் நிறுவன இயக்குநராக இருந்தவரும் அவரே. சுற்றி வரும் இரட்டை விண்மீன்களின் அலை வடிவத்தை மிக நுட்பமாகக் கணித்தவர்களில் ஒருவர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாலா ஐயர். கணித்த வடிவத்தை வைத்து இரைச்சலுக்குள் எப்படித் தேடுவது என்பதை 1990-களின் தொடக்கத்திலேயே புனேயில் சஞ்சீவ் துரந்தரும் பி.எஸ். சத்யபிரகாஷும் வகுத்திருந்தார்கள், முதல் அலை பிடிபடுவதற்கு ஏறக்குறைய 25 ஆண்டுகள் முன்பு. 2025 ஜனவரி 14-இல் வந்த சிக்னலில், மேலே சொன்ன சிக்னல்-இரைச்சல் விகிதம் சுமார் 80. விஸ்வேஸ்வரா கணக்கிட்ட அந்த அடங்கும் அதிர்வை இதுவரை இல்லாத தெளிவில் அதில் பார்க்க முடிந்தது. அவர் 2017 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார் என்பதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. முதல் அலையையாவது அவர் பார்த்தார்.

மற்ற வாசல் கருவி. லேசர் ஒளியியல், அதிர்வைத் தடுக்கும் ஊசல்கள், கட்டுப்பாட்டு மின்னணுவியல், வெற்றிடம். கையால் செய்து பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதுதான் இடம். நம் மாணவர்கள் கோட்பாட்டுக்கும் டேட்டாவுக்கும் முண்டியடிக்கும் அளவுக்கு இந்தப் பக்கம் வருவதில்லை. இந்தியாவிலேயே ஒரு கருவியைக் கட்டி ஓட்டப்போகிறோம் என்றால் இந்த ஆட்கள்தான் அதிகம் வேண்டும். உங்கள் மகளுக்கு ஆய்வகத்தில் கை சரளமாக வருமென்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பெங்களூரில் இருப்பது ஒரு பெரிய வசதி. கோளரங்கத்தில் கல்லூரி மாணவர்களுக்காக வார இறுதியில் நடக்கும் இயற்பியல் வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள். ஹெசரகட்டா பக்கம் உள்ள சர்வதேச கோட்பாட்டு அறிவியல் மையத்தில், அதாவது ஐசிடிஎஸ்-இல், பி. அஜித் தலைமையில் ஈர்ப்பு அலைக் குழு இருக்கிறது. கோடையில் இதற்கென்றே பயிற்சிப் பள்ளியும் நடத்துகிறார்கள். கோடைகால ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஐசிடிஎஸ்-இல் எஸ்.என். பட் பெயரிலான உதவித்தொகை ஒன்று உண்டு. சதாசிவநகரில் இயங்கும் இந்திய அறிவியல் அகாடமி வழியாகவும் இரண்டு மாதக் கோடைகால ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், ஆகவே கடைசி வாரத்தில் போய் நிற்கக்கூடாது. ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்புவதில் பலன் இல்லை. "இந்த டேட்டாவை எடுத்தேன், இப்படிச் சமன்படுத்தினேன், இங்கே சிக்கிக்கொண்டேன்" என்று நிரலோடு சேர்த்து நான்கு வரி எழுதினால் படிப்பார்கள். சிக்கிய இடத்தைச் சொல்வதுதான் மிக முக்கியம்.

பாதை நீளமானது, அதை மறைக்கக் கூடாது. பி.எஸ்சி.க்குப் பிறகு ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி. அல்லது ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. தனி பிஎச்.டி.க்கு ஜெஸ்ட், டிஐஎஃப்ஆர் தேர்வு, சிஎஸ்ஐஆர் நெட், கேட் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பிஎச்.டி. 5 முதல் 6 வருடம். அதற்குக் கட்டணம் கட்டிப் படிப்பதில்லை, உதவித்தொகை வரும்; 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் விகிதம் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. விடுதி கிடைத்தால் பெங்களூரில் இது போதும், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. அதன் பிறகு போஸ்ட்டாக் எனும் தற்காலிக ஆராய்ச்சிப் பணி, பெரும்பாலும் வெளிநாட்டில், இரண்டு மூன்று வருடத்துக்கு ஓர் ஊர் என்று இரண்டு தவணை. நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது 33, 35 ஆகிவிடும். கல்யாணம், குடும்பம் என்று வீட்டில் யோசிப்பவர்கள் இந்த ஊர் மாற்றங்களை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நடுவில் பேசினால் அந்தப் பெண்ணின் படிப்புதான் முதலில் அடிபடும்.

இனி உறுதியானதையும் ஆகாததையும் பிரித்துச் சொல்கிறேன். அலைகள் பிடிபடுகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. 2020 மார்ச்சில் முடிந்த மூன்றாம் கண்காணிப்புக் கட்டம் வரை 90 நிகழ்வுகள் பட்டியலில் ஏறின. நான்காம் கட்டம் அதைவிட மிக அதிகமாகக் கொண்டுவந்திருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை லிசா என்ற விண்வெளிக் கருவிக்கு 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஏவத் திட்டமிட்டிருக்கும் ஆண்டு 2035. உங்கள் மகள் அப்போது முப்பதை ஒட்டிய வயதில், பிஎச்.டி. முடித்திருப்பார். ஆட்கள் தேவைப்படும் காலம்தான் அது. லைகோ-இந்தியா மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டம் ஔண்டாவில் வரவிருக்கிறது. 2016-இல் கொள்கை அளவில் ஒப்புதல், 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு முழு ஒப்புதல். 2030-ஐ ஒட்டி என்று பேசப்பட்டது. ஆனால் இவ்வளவு நுட்பமான கருவி கட்டி முடிந்த பிறகும் எதிர்பார்த்த நுண்மைக்கு வரப் பல வருடம் ஆகும், ஆகவே அந்தத் தேதியை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். சீராகத் துடிக்கும் விண்மீன்களான பல்சார்களின் துடிப்பைக் கொண்டு மிக மெதுவான அலைகளைத் தேடும் முயற்சியில், புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி டேட்டாவோடு இந்தியக் குழுவும் இருக்கிறது. 2023 ஜூனில் அவர்கள் அறிவித்ததை நல்ல சான்று என்றுதான் சொல்ல வேண்டும். முழுக் கண்டுபிடிப்பு என்று துறையிலேயே இன்னும் சொல்வதில்லை. நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் எல்லாக் காலத்திலும் பிஎச்.டி. முடிப்பவர்களைவிடக் குறைவு. இதுவும் உறுதியான செய்திதான்.

ஆராய்ச்சியில் தொடராதவர்கள் நடுத்தெருவில் நிற்பதில்லை. இரைச்சலுக்குள் சிக்னல் தேடுவது, நிகழ்தகவு, பெரிய கணினிகளில் வேலை, பிறர் நிரலைப் படித்துத் திருத்துவது, இவை பெங்களூரில் மருத்துவப் படிமம் முதல் டேட்டா சயின்ஸ் வரை கேட்கும் திறன்கள். கருவிப் பக்கம் பயின்றவர்களுக்கு லேசர், ஃபோட்டானிக்ஸ், விண்வெளித் துறை. ஆனால் பைத்தானை ஒழுங்காகக் கற்காமல், பேப்பரில் பெயர் வந்தால் போதும் என்று இருந்தவர்களுக்கு இந்தக் கதவும் எளிதில் திறக்காது.

அந்தப் பெயர் விஷயம் பற்றி ஒன்று. முதல் கண்டுபிடிப்புக் கட்டுரையில் ஆயிரம் பேருக்கு மேல் ஆசிரியர்கள், அகர வரிசையில். அப்படியொரு பட்டியலில் பெயர் இருப்பது பெருமைதான், ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் அதில் இவர் செய்தது எது என்றுதான் கேட்பார்கள். ஆகவே பிஎச்.டி.க்குச் சேர்வதற்கு முன் உங்கள் மகள் வழிகாட்டியிடம் நேராகவே கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. உங்கள் மாணவர்கள் முதல் ஆசிரியராக, மூன்று நான்கு பேரோடு எழுதிய கட்டுரை எத்தனை? லைகோ போன்ற பெரிய ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் உள்மதிப்பீட்டில் ஒரு கட்டுரை எவ்வளவு காலம் நிற்கிறது? அமெரிக்கக் காலை என்பது நமக்கு இரவு 8, 9 மணி. வாரத்தில் எத்தனை இரவு அந்த அழைப்புகள்? பிஎச்.டி. முடித்த உங்கள் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே விட்டுவிடாமல், அந்த மாணவர்களில் இருவருக்காவது எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் மின்னஞ்சலுக்குப் பெரும்பாலும் பதில் போடுவார்கள்.